மூங்கில் அணத்தானைத் திறந்துவிட்ட நாள்

கல்வராயன் மலையில் நான் எலி பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், கீழே நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் கரும்புக் கொல்லையில் அப்பா எலிக்கு மருந்து வைத்துக்கொண்டிருந்தார். சின்னசேலத்தில் வாங்கி வந்த மருந்தைப் பொரியில் கலந்து வரப்பு வரப்பாக வைப்பார். மலையிலிருந்து நான் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அம்மா கேட்பாள்: "இந்த வாட்டி எத்தினி புடிச்ச?" சொல்வேன். "புடிச்சி இன்னா பண்ண?" என்பாள். அளந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டேன் என்பேன். அதற்குமேல் அவள் எதுவும் கேட்க மாட்டாள். அக்கம்பக்கத்தில் மகள் ஃபாரஸ்ட்டில் வேலை பார்ப்பதாகச் சொல்லிவைத்திருந்தாள். எலி பிடிப்பதற்காக ஒருத்தி இத்தனை வருஷம் படித்திருக்கிறாள் என்று அவளால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லப்போகிற விஷயங்களில் அது தெரியாமல் போய்விடக்கூடும்.

மலையில் சின்னப் பாலூட்டிகள் என்னென்ன இருக்கின்றன என்று பார்ப்பதுதான் எங்கள் ஆய்வு. எலி, சுண்டெலி, மூஞ்சூறு, அணில் மாதிரி யாரும் திரும்பிப் பார்க்காத உயிர்கள். வேர்க்கடலையும் வாழைப்பழமும் பிசைந்து உருண்டை பிடித்து, கூண்டுகளில் வைத்து, ஓடையோரத்திலும் பாறை இடுக்கிலும் மூங்கில் புதரிலும் வைப்பேன். விடிந்ததும் போய்ப் பார்ப்பேன். பகலில் நடமாடும் பிராணிகளுக்காகச் சில கூண்டுகளை முற்பகலிலும் திறந்து வைத்திருப்பேன். விழுந்ததைத் துணிப்பைக்குள் விட்டு எடை பார்ப்பேன், வாலையும் பின்னங்காலையும் அளப்பேன், படம் எடுப்பேன், பிடித்த இடத்திலேயே விடுவேன். எவ்வளவு சீக்கிரம் விடுகிறோமோ அவ்வளவு நல்லது. சின்ன உடம்புகள், வேகமாக அடிக்கும் இதயங்கள். பயத்திலேயே செத்துப்போகும். இந்தத் தொழிலில் முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் பேராசிரியர்.

அவர் வெளியூரில் ஒரு கல்லூரியில் இருந்தார். ஆய்வு அவர் பெயரில். மலைக்கு எப்போதாவது வருவார். வந்தால் தார்ச்சாலை முடிகிற இடத்தில் காரை நிறுத்திவிட்டு என்னைக் கீழே வரச் சொல்வார். அதற்குமேல் பாதை கிடையாது.

நான் தங்கியிருந்த குடும்பம் தார்ச்சாலையிலிருந்து ஓடையைத் தாண்டி, செங்குத்தாக ஏறி, மறுபடி இறங்கிப் போகிற ஒரு சின்ன ஊரில் இருந்தது. மொத்தமே கொஞ்சம் வீடுகள். அந்த வீட்டு மனிதருக்கு ஐம்பதுக்குமேல் இருக்கும். அண்ணா என்று கூப்பிடுவேன். அவர் மனைவியை அக்கா என்பேன். சாமையும் கேழ்வரகும் போடுவார்கள். மகன் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தான். மருமகள் இங்கே மாமனார் மாமியாரோடு இருந்தாள். முதல் கர்ப்பம், அப்போது நாலைந்து மாதம்.

அண்ணனுக்கு என் வேலையில் பெரிய அக்கறை எதுவும் இல்லை. கூண்டைத் தூக்கிவர ஒரு கை கொடுப்பார், அவ்வளவுதான். எல்லாம் அவருக்கு எலிதான், இல்லையென்றால் அணில். அவர் பேச்சு எப்படி ஆரம்பித்தாலும் பாதையில் வந்து முடியும். போன மழைக்காலத்தில் வாதம் வந்த பக்கத்து வீட்டு அம்மாவை ஆஸ்பத்திரிக்குப் போர்வையில் தொட்டில் மாதிரிக் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்களாம். ஓடையில் தண்ணீர் ஓடியதால் ஒரு பகல் முழுக்க இந்தக் கரையிலேயே உட்கார்ந்திருந்தார்களாம். அந்த அம்மா பிழைத்துக்கொண்டாள், ஆனால் ஒரு கால் வரவில்லை. முன்பெல்லாம் மனு கொடுக்க விழுப்புரம் வரை போகவேண்டும், இப்போது கள்ளக்குறிச்சியே மாவட்டமாகிவிட்டது, அதிகாரிகள் கிட்டத்தில் வந்துவிட்டார்கள், இனிமேல் பாதை வரும் என்று நம்பினார். பல தடவை போய் மனுவும் கொடுத்திருந்தார். யாரும் வந்து பார்க்கவில்லை. "ஒரு தபா நடந்து பாத்தாங்கன்னா போதும் பாப்பா. ஒரே ஒரு தபா. அப்பறம் நாம இன்னாத்துக்குப் பேசணும்? அவங்க காலே பேசும்" என்பார்.

அன்றைக்குக் காலையில் ஓடையோரக் கூண்டுகள் வீணாய்ப் போயிருந்தன. ஒன்றில் எறும்பு மொய்த்திருந்தது, ஒன்றைக் குரங்கு உருட்டிவிட்டிருந்தது. பாறை இடுக்கில் விழுந்திருந்த இரண்டு வெள்ளெலிகளை அளந்து விட்டுவிட்டு, வெயில் ஏறத் தொடங்கும்போது மேட்டில் இருந்த மூங்கில் புதருக்குப் போனேன். அங்கே ஒரு கம்பிக்கூண்டைத் தரையில் வைக்காமல் சாய்ந்த மரத்தின் கவட்டையில் கட்டியிருந்தேன். அதற்குள் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

முதல் பார்வைக்கு அணில்தான். ஆனால் முதுகில் கோடு இல்லை. மூக்கு நீண்டு கூர்ந்திருந்தது. தோள்பட்டையில் மட்டும் வெளுத்த ஒரு சின்னக் கோடு. நீண்ட மீசை இல்லை. மூங்கில் அணத்தான். புத்தகத்தில் படம் பார்த்திருந்தேன், வேறொரு மலையில் தூரத்தில் ஒருமுறை ஓடப் பார்த்திருந்தேன். கைக்கெட்டும் தூரத்தில் பார்த்ததில்லை. பெயரும் தோற்றமும் அணில் மாதிரி இருந்தாலும் அணிலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பெரிய கறுத்த கண்களால் என்னைப் பார்த்தது. கூண்டைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டு நான் அங்கேயே மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. கூண்டு தூக்கக் கூட வந்திருந்த அண்ணனைக் கூப்பிட்டேன். வந்து குனிந்து பார்த்துவிட்டு, "அணிலா?" என்றார்.

படம் எடுத்தேன். அந்த மேட்டில் மட்டும்தான் ஃபோனுக்கு டவர் கிடைக்கும். பேராசிரியருக்கு ஒரு படத்தை அனுப்பிவிட்டு எடைத் தராசை எடுத்துக்கொண்டிருந்தபோதே அவர் கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு குதூகலத்தை அதுவரை கேட்டதில்லை. அவர் மலைக்கு வந்துகொண்டிருந்தார். மலைமேல் ஏதோ ஒரு கட்டடத் திறப்புக்கு மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார், அவரை எங்கள் ஆய்வு நடக்கும் இடத்துக்கு அழைத்துவர ரொம்ப நாளாக முயன்றுகொண்டிருந்தாராம். "காட்டறதுக்கு ஒண்ணும் இல்லாம எப்படிக் கூப்பிடறதுன்னு இருந்தேன். இதை அப்படியே வெச்சிரும்மா. அவரோட வந்துடறேன். மதியத்துக்குள்ள வந்துடுவோம்" என்றார்.

அவ்வளவு நேரம் தாங்காது சார் என்றேன். கொஞ்சம் பழம் போடு, நிழலில் வை என்றார். மூக்கால் கம்பியை இடிக்கிறது என்றேன். ஒரு பிராணியைச் சில மணி நேரம் உயிரோடு வைத்துக்கொள்ளத் தெரியாதா என்று சிரித்தபடியே கேட்டுவிட்டு ஃபோனை வைத்துவிட்டார். பிடித்த உயிரை உடனே விடவேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதே குரல்தான்.

பக்கத்தில் நின்ற அண்ணனுக்குப் பேச்சு புரிந்திருந்தது. "ஆபீசரா? இங்கியா? நம்ம ஊருக்கா?" என்று மூன்று தடவை கேட்டார். ஆமாம், இதைப் பார்க்க வருகிறாராம் என்றேன். அவர் கூண்டைப் பார்த்த பார்வை மாறியது. அதுவரை அணில் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், தலைத் துண்டை அவிழ்த்துக் கூண்டின்மேல் வெயில் படாமல் போர்த்தினார். பிறகு வீட்டைப் பார்த்து ஓடினார்.

அடுத்த கொஞ்ச நேரத்தில் அந்தச் சின்ன ஊரே எழுந்துவிட்டது. பாதையில் நீட்டிக்கொண்டிருந்த முள்ளை வெட்டப் போன இரண்டு பேரை அண்ணன் திட்டித் திரும்ப அழைத்தார். முள் இருக்கட்டும், அவர் காலில் குத்தட்டும், அப்போதுதான் தெரியும் என்றார். ஓடையில் கல் போட்டுவைக்கலாமா என்று ஒருவர் கேட்டதற்கும் வேண்டாம் என்றுவிட்டார். அக்கா மட்டும் வீட்டில் இருந்த சேவலைப் பிடித்தாள். வருகிறவர் ஏறி வந்த களைப்பில் இருப்பார், சோறு போடாமல் அனுப்பக்கூடாது என்றாள். மருமகள் வாசலுக்குச் சாணி தெளித்துக் கூட்டினாள். கால் வராத அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவும் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். அவளையும் காட்டவேண்டும் என்று அண்ணன் வரச் சொல்லியிருந்தார்.

நான் கூண்டோடு மேட்டிலேயே இருந்தேன். முதலில் அது ஓயாமல் ஓடியது. கம்பி மேல் ஏறும், இறங்கும், மூக்கை இடுக்கில் நுழைக்கும். மூக்கு நுனியில் தோல் பெயர்ந்து ரத்தம் கசிந்தது. பழத்தைத் தொடவில்லை. பஞ்சில் தண்ணீர் நனைத்து நீட்டினேன், அதையும் தொடவில்லை. ஈரத்துணியைக் கூண்டைச் சுற்றிக் கட்டினேன். வெயில் ஏற ஏறப் பாறை சுட ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் கழித்து ஓட்டம் நின்றுவிட்டது. ஓடுவதைவிட அதுதான் மோசம். ஒரு மூலையில் ஒடுங்கிக்கொண்டு, முடியெல்லாம் சிலிர்த்து, வாயோரம் ஈரமாகி, விலா மட்டும் படபடவென்று அடித்தது. பிறகு கண் பாதி மூடியது.

பேராசிரியருக்குக் கூப்பிட்டேன். விழா இன்னும் முடியவில்லை, பேச்சு போய்க்கொண்டிருக்கிறது, பொறுமையாக இரு என்றார். செத்துவிடும் சார் என்றேன். செத்தால் ஸ்பிரிட்டில் போட்டு வைக்கலாம், அதுவும் நமக்கு வேண்டியதுதான் என்று சாதாரணமாகச் சொன்னார்.

அண்ணன் திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தார். நான் கூண்டின் கொக்கியில் கை வைத்திருந்தேன்.

"பாப்பா, இன்னும் கொஞ்ச நேரம்" என்றார்.

தாங்காதுண்ணா என்றேன்.

அவர் என் எதிரில் உட்கார்ந்தார். "நான் எத்தினி வருசமா அலையிறன்னு உனுக்குத் தெரியும். மனுசங்களப் பாக்க ஒருத்தரும் வரல. இந்த அணிலப் பாக்க வர்றாங்க. வரட்டும். எதுக்கு வந்தா இன்னா? செத்தா செத்துட்டுப் போவுது. எங்க கொல்லையில எத்தினி சாவுது."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. எங்கள் அப்பா வைத்த மருந்தில் ஒரு வாரத்தில் சாகிற எலிகள் நான் அந்த மலையில் மொத்தமாகப் பிடித்ததைவிட அதிகம். அந்தக் கரும்புக் காசில்தான் நான் படித்தேன். இதெல்லாம் அந்த நேரத்திலேயே எனக்குத் தெரிந்துதான் இருந்தது. இருந்தும், என் கூண்டுக்குள், என் கண் முன்னால் அது செத்துக்கொண்டிருந்தது. பிடித்தவள் நான். கொக்கியை எடுத்துக் கதவைத் தூக்கினேன்.

அது உடனே வெளியே வரவில்லை. செத்துவிட்டதோ என்று நினைத்தேன். கூண்டைச் சாய்த்தேன். சருகில் விழுந்து, ஒருபக்கமாகக் கிடந்து, பிறகு எழுந்து தள்ளாடியபடியே மூங்கில் அடிக்குள் நுழைந்து மறைந்தது. அண்ணன் அது போன இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பித் தார்ச்சாலையைப் பார்த்து இறங்கத் தொடங்கினார். முதலில் நடந்தார், பிறகு ஓடினார். அணில் போன சேதி தெரிவதற்கு முன்னால் அதிகாரியைப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அந்தச் சேதியைச் சொன்னதும் நான்தான். பேராசிரியர் கூப்பிட்டு, தார்ச்சாலை முடிவுக்கு வந்துவிட்டோம், கூண்டை ஓடைவரை கொண்டுவர முடியுமா என்று கேட்டார். விட்டுவிட்டேன் என்றேன். கையால் ஃபோனை மூடிக்கொண்டு யாரிடமோ ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்பது கேட்டது. வண்டிக் கதவு சாத்துகிற சத்தமும் கேட்டது.

அண்ணன் ஓடையைத் தாண்டி மேலேறும்போது வண்டிகள் திரும்பிக்கொண்டிருந்தனவாம். கையைக் காட்டி ஓடினாராம். கடைசி வண்டியில் இருந்த ஒருவர் கண்ணாடியை இறக்கி, ஆபீஸில் வந்து மனு கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

பேராசிரியர் மட்டும் அங்கே நின்றிருந்தார். நான் இறங்கிப் போனபோது அண்ணனும் ஓர் ஓரமாக நின்றார். பேராசிரியர் கத்தவில்லை. அவர் கத்துகிற ஆள் இல்லை. "உனக்கு இளகின மனசு. இந்தத் தொழிலுக்கு அது ஆகாது. நீ வேற எதாவது பண்ணும்மா" என்றார். அவர் காரில் ஏறும்போது அண்ணன் முன்னால் போய்க் கும்பிட்டு, சார் நீங்களாவது நடந்து பாருங்க சார் என்றார். பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொரு நாள் என்றார்.

திரும்பி ஏறும்போது அண்ணன் முன்னால் போனார், நான் பின்னால். வழக்கமாக வழுக்குகிற இடத்தில் நின்று கை கொடுப்பார். அன்றைக்கு நிற்கவில்லை.

வீட்டில் சேவல் குழம்பு கொதித்து அடங்கியிருந்தது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அந்தக் கால் வராத அம்மாவை ஒருவர் பிடித்து எழுப்பினார். அவள் போகும்போது என்னைப் பார்த்து, கோபம் இல்லாமல், என்ன பார்க்கிறோம் என்றே தெரியாத ஒரு பார்வை பார்த்தாள். நான் உள்ளே போய் என் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தேன். அக்கா வந்து தட்டை வைத்தாள். வேண்டாம் என்றேன்.

"சாப்புடு. அவருக்குன்னு ஆக்கினது. யாரு சாப்புட்டா இன்னா?" என்றாள்.

மருமகள் வந்து சோறு போட்டாள். அண்ணன் வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் சாப்பிட வரவில்லை. நான் சாப்பிட்டேன். நல்ல பசி. கறி நன்றாக வெந்திருந்தது. இரண்டாம் தடவை சோறு கேட்கக் கூச்சமாக இருந்தது, ஆனால் அக்கா கேட்காமலே போட்டாள். அந்தச் சாப்பாட்டை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு யார் மேல் என்று தெரியாத ஆத்திரம் வருகிறது.

அடுத்த வாரம் ஆய்விலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். எனக்குப் பதிலாக வந்தவர் இன்னும் நிறையக் கூண்டுகளோடு வந்தார். சில மாதம் கழித்துச் செய்தித்தாளில் ஒரு படம் வந்தது. பேராசிரியர் உள்ளங்கையில் மூங்கில் அணத்தான். அரிய உயிரினத்தைப் பாதுகாக்கப் பாடுபடுகிறவர் என்று எழுதியிருந்தார்கள். உயிரோடு இருக்கும் மூங்கில் அணத்தான் யார் உள்ளங்கையிலும் அப்படிப் படுத்திருக்காது. அம்மா அந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்திருந்தாள். உங்க சாருதானே என்று பெருமையாகக் காட்டினாள். ஆமாம் என்றேன்.

ஐப்பசி மழையில் அந்த மருமகளைப் போர்வையில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள் என்று கேள்விப்பட்டேன். பிள்ளை ஓடைக்கரையிலேயே, மழையில், குடையைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்கள் நடுவில் பிறந்தது. இரண்டு உயிரும் பிழைத்தன. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து அவள் மேலே திரும்பவில்லை. தாய்வீட்டுக்குப் போய், அங்கிருந்து புருஷனோடு பெங்களூர் போய்விட்டாள். அந்த ஊர்ப்பக்கமே இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம்.

அதிகாரி அன்றைக்கு நடந்து வந்திருந்தால் பாதை வந்திருக்குமா? வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அணிலைப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, சேவல் குழம்பு சாப்பிட்டு, பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். ஆனால் இது என் கணக்கு. அண்ணனுக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க நான் வாய்ப்பே கொடுக்கவில்லை. மறுபடி அதே கூண்டு, அதே வெயில் என்றால் மறுபடியும் திறப்பேன். இதை அவரிடம் போய்ச் சொல்ல முடியுமா? சொன்னால் அவருக்கு அதில் என்ன இருக்கிறது?

இப்போது கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். பிள்ளைகளுக்கு ஃபார்மலினில் கிடக்கும் தவளையைக் காட்டுகிறேன். போன வருஷம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அண்ணனைப் பார்த்தேன். கடுக்காய் மூட்டையைக் கடையில் போட்டுவிட்டு வெறும் சாக்கை மடித்து மடியில் வைத்துக்கொண்டு மலை பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தார். முடி நரைத்திருந்தது. ஒதுங்கிப் போய்விடலாம் என்று தோன்றியது. அதற்குள் அவர் பார்த்துவிட்டார். பக்கத்தில் இடம் விட்டார்.

அக்கா எப்படியிருக்கிறாள் என்று கேட்டேன். மூட்டுவலி, இறங்குவதே இல்லை என்றார். பேரப்பிள்ளை நடக்கிறானாம். இன்னும் நேரில் பார்க்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தார்.

"நீ இப்ப ஆபீசராயிட்டியா பாப்பா?" என்று கேட்டார்.

"இல்லண்ணா. காலேஜ்ல பாடம் நடத்தறேன்."

"ஆபீசருங்க யாருனா தெரியுமா?"

"தெரியாதுண்ணா."

தலையை ஆட்டிக்கொண்டார். பஸ் வந்தது. கூட்டம் முண்டியடித்தது. அவர் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசியாக ஏறினார். உட்கார இடம் கிடைத்ததா என்று எனக்குத் தெரியவில்லை.